உறைக்குள் போன ஓட்டு

1

2022 ஆகஸ்ட் மாதம் மெல்பர்னை ஒட்டிய டாண்டினாங்கில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு வந்த கடிதத்தின் சாரம் இது: மே மாதம் 21ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் தாங்கள் வாக்களித்ததாக எங்கள் பதிவேட்டில் இல்லை. வாக்களித்திருந்தால் எந்த இடத்தில் என்று தெரிவிக்கவும். வாக்களிக்கவில்லை என்றால் தகுந்த காரணம் எழுதவும், அல்லது அபராதம் செலுத்தவும். மொழிபெயர்ப்பு என்னுடையது. கடிதம் என் மகள் ரீனாவின் பெயருக்கு. அவள் ஜீலாங்குக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. வாக்காளர் பட்டியலில் மட்டும் இன்னும் எங்களோடு இருக்கிறாள்.

ஆஸ்திரேலியாவில் ஓட்டுப்போடுவது கட்டாயம். போடாவிட்டால் இப்படிக் கேட்டு எழுதுவார்கள். இங்கே பிறந்தவர்கள் இதைத் தண்ணீர்க் கட்டண நினைவூட்டலைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. ஆகவே வாசலில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். ஏனம்மா நீ ஓட்டுப்போட வரவில்லை என்று ஓர் அரசாங்கம் ஒரு பெண்ணைக் கேட்கிறது.

ரீனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஐயோ அப்பா, மறந்துட்டேன். அவ்ளோதான். ஃபைன் கட்டிடறேன், விடுங்க."

"ஒரு சனிக்கிழமை முழுக்க எப்படிம்மா மறக்கும்?"

"நெட்பால் மேட்ச் இருந்துச்சு. அப்புறம் மேகன் வீட்டுக்குப் போனோம்."

"வழியில எத்தனை பள்ளிக்கூடத்துல ஓட்டுச்சாவடி இருந்திருக்கும்! வாசல்லயே சாசேஜ் சுட்டு வித்திருப்பாங்களே."

"ரெண்டு கட்சியும் ஒண்ணுதாம்ப்பா. யார் வந்தா என்ன ஆகப்போவுது? நீங்க ஏன் அழற மாதிரி பேசறீங்க?"

நான் அழவில்லை. ஆனால் அவளிடம் விளக்கிச் சொல்லும் அளவுக்கு அவளுடைய தமிழும் போதாது, என்னுடைய ஆங்கிலமும் போதாது. வைத்துவிட்டேன்.

தேதிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2022 மே 21 சனிக்கிழமை. நானும் மனைவியும் பள்ளிக்கூட அறையில் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று பென்சிலால் கட்டங்களில் விருப்ப வரிசைப்படி எண்களை எழுதிவிட்டு வந்தோம். அன்றைக்கு ஆட்சி மாறியது. 1991 மே 21 செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்தில், அதற்கு அடுத்த மாதம், எங்கள் காலனியில் நடந்தது யாருக்கும் தெரியாது. அதில் என் பங்கு என்ன என்பது எனக்கு மட்டும் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வழக்கு இல்லை. காலனியில் பாதி வீடுகள் மாதாகோயிலுக்குப் போகிறவை, மீதி அம்மன்கோயிலுக்குப் போகிறவை. வாக்குச்சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். காலனியிலிருந்து ஏரிக்கரையோடு நடந்து போகவேண்டும்.

எங்கும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் இருந்தது. ஊர்க்காரர்கள் போட்டு முடித்த பிறகே காலனிக்காரர்கள் வரிசைக்கு வரலாம். அவர்கள் முடிப்பதற்குப் பதினொரு மணி ஆகும். அதற்குள் காலனி ஓட்டுகளில் பெரும்பகுதியையும் அவர்களே முடித்திருப்பார்கள். எங்களுடையது தனித்தொகுதி. நிற்கிறவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். எந்தக் கட்சி நிறுத்தினாலும் எங்கள் ஆளைத்தான் நிறுத்தியாக வேண்டும். அவர்களில் யார் ஜெயிப்பது என்பதில் மட்டும் எங்களுக்குப் பங்கில்லை.

என் அக்கா ஆரோக்கியமேரி என்னைவிட நான்கு வயது மூத்தவள். மாமா போன பிறகு, பையனை வைத்துக்கொண்டு, தாம்பரம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். 1984இல் முதல்முறையாக ஓட்டுப்போடப் போனாள். "உன்னுது ஆயிடுச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். 1989 ஜனவரியில் போனாள். அதே பதில். அந்த வருடம் நவம்பரில் மறுபடி தேர்தல். மறுபடி போனாள். நான் அப்போது மஸ்கட்டில் இருந்தேன். "அவனுக்குத்தான் ஒரு ஓட்டு கீதே, என்னுது அவனுக்கு இன்னாத்துக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதச்சொல்லி அனுப்பியிருந்தாள். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அச்சில் இருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். எழுதவராது.

மஸ்கட்டுக்குப் போகும் முன் நான் ஓர் உதவிபெறும் பள்ளியில் எழுத்தராக இருந்தேன். அதனால் 1984 தேர்தலில், வேறு ஒரு தொகுதியில், வாக்குச்சாவடி வேலை கொடுத்தார்கள். விரலில் மை வைப்பது என் பொறுப்பு. அன்றைக்கு மத்தியானம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். அவர் ஓட்டை யாரோ போட்டிருந்தார்கள். அவர் போகவில்லை. "டெண்டர் ஓட்டு கொடுங்க" என்றார். எங்கள் சாவடி அதிகாரி எழுந்து நின்று, கேள்விகள் கேட்டு, தனிப் பட்டியலில் அவரிடம் கையெழுத்து வாங்கி, வாக்குச்சீட்டுக் கட்டின் கடைசியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தன் ஓட்டைப் பிறர் போட்டுவிட்டால் வாக்காளர் இப்படிக் கேட்கலாம், அது சட்டம். அந்தத் தாள் பெட்டிக்குள் போகாது. தனி உறையில் போகும். எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் கேட்டால் ஒழிய அந்த உறையைப் பிரிக்கமாட்டார்கள். அதுவும் சட்டம். எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இவை இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தக் கையேட்டை நான் திருப்பிக் கொடுக்காமல் மஸ்கட்டுக்கு எடுத்துப்போயிருந்தேன். இன்றும் இருக்கிறது.

தபால்காரர் வெளியே போனபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன்; தன் ஓட்டைத் தானே போட்டுவிட்ட நிறைவு அதில் இருந்தது. என் பெரும் தவறு அந்த முகத்திலிருந்து தொடங்கியது என்று நினைக்கிறேன்.

3

1991இல் எங்கள் தொகுதியில் டைப்பு சார் சுயேச்சையாக நின்றார். காலனியிலேயே பிறந்து, படப்பையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். சின்னம் தையல் மெஷின். பட்டா, கூலி, குடிதண்ணீர் என்று பேசினாலும் எங்கள் காலனிக்கு அவர் சொன்ன முக்கியமான விஷயம் ஒன்றுதான்: வாக்குச்சாவடி காலனிப் பள்ளிக்கு வரவேண்டும். "நான் ஜெயிக்க நிக்கலம்மா, பூத்த இங்க கொண்டாரத்தான் நிக்கிறேன்" என்றாராம். அக்கா அவரிடம், "என் மெஷினையே சின்னமா வாங்கிக்கினு வந்துட்டீங்க, ஓவர்டைம்லயும் அதுதான், ஓட்டுலயும் அதுதானா சார்" என்று கேட்டாளாம்.

மஸ்கட்டில், ரூவி என்ற பகுதியில், எங்கள் கம்பெனி கேம்ப்பில் ஒரு அறைக்கு ஆறு பேர். வளைகுடாச் சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. இன்னும் யாரை அனுப்புவார்கள், யாரை வைத்துக்கொள்வார்கள் என்று தெரியாத மாதங்கள். நான் அதைக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளை வாங்கி, தொகுதிவாரியாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை ஏதோ நடக்கும் என்று நம்பினேன். ஏன் நம்பினேன் என்று இன்று கேட்டால் ஒட்டிய துண்டுகளைத்தான் காட்டமுடியும். ஒரு துண்டில்கூட எங்கள் ஊர் இல்லை.

நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் கார்பன் காப்பி வைத்திருப்பேன். மே மாத முதல் வாரத்தில் அக்காவுக்கு எழுதியதன் காப்பி இதோ முன்னால் இருக்கிறது. அவள் படிக்கவேண்டும் என்பதற்காக அச்செழுத்துப்போலப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன்:

"உன் ஓட்டைப் போட்டுவிட்டோம் என்று சொன்னால் திரும்பி வராதே. டெண்டர் ஓட்டு கொடுங்கள் என்று கேள். கொடுத்தே ஆகவேண்டும். தாளில் நீயே குத்து. இதை அந்த நாள் வரும்வரை யாரிடமும் சொல்லாதே. ஊரில் தெரிந்தால் தாள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். தைரியமாகக் கேள். உன் ஓட்டு உன் ஓட்டுத்தான்."

எண்ணமாட்டார்கள் என்று எழுதவில்லை. இடம் இல்லாமல் விட்டுப்போகவில்லை. கடிதத்தின் கீழே நான்கு விரல் இடம் காலியாக இருக்கிறது. தெரிந்தேதான் விட்டேன். எண்ணப்படாது என்று தெரிந்தால் எந்தப் பெண் ஏரிக்கரை தாண்டி வந்து ஓர் அதிகாரியிடம் வாய்திறந்து கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் பட்டியலில் பதிவாகும். பதிவானால் இன்னின்னாருடைய ஓட்டு திருடப்பட்டது என்பதற்குச் சான்று கிடைக்கும். சான்று இருந்தால் அடுத்த தேர்தலுக்குள் சாவடியை மாற்றச்சொல்லி மனுப் போடலாம். ரூவியில், மின்விசிறிக்குக் கீழே, இது எனக்கு மிகத் தெளிவாக இருந்தது. சான்றுக்காக என் அக்காவை அனுப்பினேன்.

பிறகு மே 21. மறுநாள் காலை கேம்ப் மெஸ்ஸில் வானொலியில் கேட்டோம். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை அறிவிப்பாளர் திணறிச் சொன்னார். என்னோடு இருந்த மலையாளிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தச் சாவு கொடுமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பட்டா, கூலி, சாவடி என்று வாயெடுக்க வழியில்லாமல் போனது. "எழவு வூட்ல நின்னுக்கினு தண்ணி கொழா கேக்கறியா?" என்று டைப்பு சாரை ஒரு டீக்கடையில் கேட்டார்களாம். வாக்குப்பதிவு ஜூன் நடுவுக்குத் தள்ளிப்போனது. அவருடைய சுவர்களில் தையல் மெஷினுக்குமேல் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டது.

4

அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்களுக்கு ஊரிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள். எழுத வராதவர்களுக்கு அதுதான் கடிதம். அக்கா பேசிய கேசட்டைப் படப்பைக்காரப் பிளம்பர் ஒருவர் ஜூலையில் கொண்டுவந்து கொடுத்தார். கீழே இருப்பது முதல் பக்கத்திலிருந்து நான் பிரதி எடுத்தது. வாக்குப்பதிவுக்கு மறுநாள் பேசியிருக்கிறாள்.

"டேய் அந்தோணி, கேக்குதா? செவப்பு லைட்டு எரியுது, ரெக்கார்டு ஆவுதுன்னு நெனக்கிறேன்."

பின்னால் ஒரு பெண்: "சவுண்டா பேசுக்கா. மஸ்கட்டு தொலவு."

"இரு அஞ்சலை, நீ வேற. அந்தோணி, நேத்து ஓட்டு. கம்பெனில லீவு உட்டாங்க. நாங்க பொம்பளைங்க மட்டும் ஒண்ணா கெளம்பிட்டோம். டைப்பு சாரு இன்னா சொல்லியிருந்தாருன்னா, ஓட்டு இல்லன்னு சொன்னா வாசல்லயே குந்திடுங்க, ஒருத்தியும் வூட்டுக்குப் போவக்கூடாது, நான் சாயங்காலம் வந்து கலெக்டருக்கு எழுதறேன்னாரு. சரின்னு போனோம். பதினோரு மணி வரிக்கும் வெயில்ல நிக்க வெச்சானுங்க. உள்ள போனா, கோதண்டம் ஏஜெண்டா குந்திக்கினு கீறான்."

கோதண்டம் ஊர்ப் பெரிய வீட்டு ஆள். அவனுடைய குரலை அக்கா நன்றாகவே நடித்துக்காட்டுகிறாள்.

"'இன்னா ஆரோக்கியம், இந்த வெயில்ல உனக்கு இன்னாத்துக்கு சிரமம், நாங்களே குத்திட்டோமே'ன்றான். நான் வுடல. 'எனக்கு பதிலா கம்பெனிக்கும் நீயே போ, சூப்பர்வைசர்கிட்ட திட்டும் நீயே வாங்கு, அப்புறமா ஓட்டையும் நீயே குத்திக்க'ன்னேன்."

சிரிப்பு. நான்கைந்து பெண்களின் சிரிப்பு.

"அந்த ஆபீசரு யாரோ வாத்தியாராம். கண்ணாடி போட்டுக்கினு கீறாரு. நேரா அவராண்ட போயி, 'சார், எனக்கு டெண்டர் ஓட்டு குடுங்க'ன்னேன். நீ எழுதின மாதிரியே. கோதண்டம் சிரிக்கிறான், 'இன்னா டெண்டரு, ஏரி மீன் டெண்டரா'ன்னு. அந்த வாத்தியாரு அவன அதட்டினாருடா. 'சும்மா இருய்யா, அந்தம்மா சட்டப்படி கேக்கறாங்க'ன்னாரு. அந்தோணி, அந்தம்மான்னு சொன்னாருடா என்ன."

அந்தம்மா என்று இன்னொருமுறை சொல்லிப்பார்க்கிறாள்.

"பேரு கேட்டாரு, அப்பா பேரு கேட்டாரு, வூட்டு நம்பரு கேட்டாரு. கையெழுத்து போட்டேன். கட்டோட கடேசிலேர்ந்து தாள் எடுத்துக் குடுத்தாரு. மறப்புக்குள்ள போனேன். குத்திட்டேன். யாருக்குன்னு உனக்கும் சொல்லமாட்டேன், அது என்னுது. மடிச்சி பொட்டில போடப் போனா, 'அதுல இல்லம்மா, இங்க குடுங்க'ன்னு கையில வாங்கி ஒரு கவருல வெச்சாரு. மத்ததெல்லாம் கூட்டத்தோட கூட்டமா பொட்டில வுழுது, நம்மளுத மட்டும் தனியா பத்திரமா வெக்கிறாரு போலன்னு நெனச்சிக்கினேன். எனக்கு அப்புறம் ஒவ்வொருத்தியா கேட்டாளுங்க. பத்தொம்பது பேருடா. எல்லாருக்கும் குடுத்தாரு. வெளிய வந்து வெரலக் காட்டிக்கினு ஏரிக்கரையில பாட்டு பாடிக்கினு வந்தோம். குந்தவேயில்ல. ஓட்டுதான் போட்டாச்சே, இன்னாத்துக்குக் குந்தணும்? பன்னெண்டு மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சிட்டோம்."

நான் கேசட்டைத் திருப்பிப் போடும் முன்பே என் கடிதம் எதைக் கெடுத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தால் அந்த வாத்தியாருக்கு நெருக்கடி. மேலே தகவல் போயிருக்கும். மறுவாக்குப்பதிவு கேட்டிருக்கலாம். அவர் அவ்வளவு மரியாதையாகத் தாள் கொடுத்ததில் சட்டமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். தன் கையேட்டில் இருந்தபடி செய்தார். அவரிடம் இருந்த அதே கையேடுதான் என்னிடமும் இருந்தது.

5

இரண்டாம் பக்கம் ஓட்டு எண்ணி முடிந்த பிறகு பேசியது. கூட யாரும் இல்லை. குரல் தாழ்ந்திருக்கிறது. முழுவதையும் தருகிறேன்.

"அந்தோணி. எண்ணிட்டாங்க. டைப்பு சாருக்கு டெபாசிட் போச்சு. அது கூட பரவால்ல, போவும்னு அவரே சொல்லிக்கினு இருந்தாரு. நான் கேட்டேன், சார், நாங்க போட்ட பத்தொம்பதும் நல்லபடியா வந்துச்சான்னு. எந்த பத்தொம்பதுன்னாரு. சொன்னேன். அவரு, 'ஆரோக்கியம், அந்தக் கவர பிரிக்கவே மாட்டாங்கம்மா'ன்னாரு. கோர்ட்டு சொன்னாத்தானாம். அப்ப அந்த வாத்தியாருக்கு அது தெரியுமா சார்னு கேட்டேன். தெரியும்னாரு. என் தம்பிக்குன்னு கேட்டேன். அதுக்கு அவரு, 'அத்த அவனையே கேளும்மா'ன்னாரு. அஞ்சலை சொல்றா, 'உன் தம்பிக்குத் தெரியாம இருக்குமா, அவனே அந்த வேலையப் பாத்தவன் ஆச்சே, தெரிஞ்சேதான் நம்மள அனுப்பியிருக்கான்'னு. எல்லாரும் இருக்கறப்பவே அவள அசிங்கமா கேட்டுட்டேன். வூட்ல சௌக்கியம். பையன் நல்லா கீறான். உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் எழுது."

அதற்குப் பிறகு கேசட் முடியும்வரை இரைச்சல் மட்டும்.

பதில் எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதன் காப்பியும் இருக்கிறது. முதலில் கேம்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறேன். பையனுக்குச் சட்டை அனுப்புவதாக எழுதியிருக்கிறேன். நான்காவது பத்தியில் இப்படி இருக்கிறது: "எனக்குத் தெரியாது அக்கா. அந்தப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் உனக்கு எழுதாமல் இருப்பேனா?"

டைப்பு சார் எனக்கு ஒரே ஒரு கடிதம் அனுப்பினார். டைப் செய்தது, மூன்று வரி. வாக்குப்பதிவன்று சாயங்காலம் புகார் எழுதுவதற்கு எங்கள் காலனியில் தனக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை என்றும், எல்லோரும் தாங்கள் ஓட்டுப்போட்டுவிட்டதாகவே சொன்னார்கள் என்றும், அந்தச் சாவடியில் வாக்குப்பதிவு அமைதியாக நடந்ததாகவே கணக்கில் இருக்கும் என்றும் எழுதியிருந்தார். வணக்கம் என்றுகூட முடிக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

6

1997இல் நான் மெல்பர்ன் வந்தேன். கார் உதிரிபாகக் கிடங்கில் வேலை. 2017இல் இங்கே கார் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், கிடங்கையும் மூடினார்கள். இதே காலத்தில் எங்கள் ஊரைச் சுற்றி மணிலாக்கடலை போட்ட நிலமெல்லாம் தொழிற்சாலை ஆனது. அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு லைனில் நிற்கிறான், பத்து வருடமாகக் காண்ட்ராக்டில். கோதண்டத்தின் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுக் குன்றத்தூரில் வீடு கட்டிப் போய்விட்டார்களாம். வாக்குச்சாவடிகூட இப்போது காலனிப் பள்ளிக்கே வந்துவிட்டது. அக்கா வீட்டிலிருந்து அறுபது தப்படி இருக்கும். டைப்பு சார் கேட்டது, அவர் போன பிறகு, யாருடைய பெயரும் இல்லாமல், சாதாரணமாக வந்து சேர்ந்தது.

அந்த உறை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஒருமுறை முயன்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். நான் இப்போது அங்கே ஓட்டுப்போடவும் முடியாது, இப்படிக் கேட்கவும் முடியாது. அக்கா மகனை விட்டுக் கேட்கச்சொன்னேன். எதற்கு என்று அவனுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தேர்தல் ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. பத்தொன்பது என்பது அக்கா சொன்ன எண். அதற்கு இப்போது அவளுடைய குரலைத் தவிர வேறு சான்று கிடையாது. சான்றுக்காகத்தான் எண்ணப்படாது என்ற செய்தியை மறைத்தேன் என்பதை இங்கே மறுபடி சொல்லிவைக்கிறேன்.

ரீனாவுக்கு வந்த கடிதத்தைப் படித்த அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். அவளுக்கு வயது அறுபத்தைந்து. கம்பெனியை விட்டு நெடுநாளாகிறது, கண் சரியில்லை. மகளுக்கு வந்த கடிதத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"ஓட்டு போடலன்னா கடுதாசி போட்டுக் கேக்கறாங்களா! நல்ல ஊருடா. என்ன எவனும் கேக்கல."

"நீ எதுக்கு அக்கா போடாம இருந்தே?"

"நான் எங்க போனேன்? அதுக்கப்பறம் போவவேயில்ல."

"எதுக்கப்பறம்?"

"கவருக்கப்பறம்."

எனக்குப் புரியவில்லை. போன வருடத் தேர்தலுக்குப் போனாயா என்று கேட்டேன். இல்லை. அதற்கு முன்னால்? இல்லை.

"வருசம் வருசமா கேளு, நோட்டுல எழுதிக்கணும் இல்ல உனக்கு" என்றாள். "எதுக்கும் போவல. பூத்து தெருக்கோடிக்கே வந்திச்சி, அப்பவும் போவல. பையன் திட்டுவான். 'இன்னாம்மா நீ, காலாண்ட கீது, போயிட்டு வந்தா இன்னா'ம்பான். ஓட்டு மெஷினு வந்துடிச்சி, கவரு கிவரு இல்லம்பான். எனக்கு மனசு வரல. அந்தம்மான்னு கூப்புட்டு ஏமாத்தினாங்கடா. அடிச்சித் தொரத்தியிருந்தாக்கூட அடுத்தவாட்டி போயிருப்பேன்."

முப்பத்தொரு வருடம் எழுதாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அக்கா, எனக்குத் தெரியும். எண்ணமாட்டாங்கன்னு அப்பவே தெரியும். புத்தகத்துல இருந்துச்சு" என்றேன்.

அங்கே தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"நீ தெரியாதுன்னு எழுதியிருந்தே."

"ஆமா."

"அந்தக் கடுதாசிய எடுத்துக்கினு வூடு வூடா போனேன்டா. பத்தொம்பது வூட்டுக்கும். படிக்கத் தெரிஞ்சவள விட்டுப் படிக்கச் சொன்னேன். பாரு, என் தம்பி எழுதிக்கீறான், அவனுக்குத் தெரியாதாம்னு. அஞ்சலை நம்பல. நீ இன்னாத்த காட்டினாலும் நம்பமாட்டேன்னா. அதோட அவகிட்ட பேச்ச உட்டேன். அவ சாவுக்கும் போவல."

நான் ஏதோ சொன்னேன். மன்னித்துவிடு என்றுதான் இருக்கும்.

"சரி, வெய்யி. சோறு அடுப்புல கீது" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு முறை கூப்பிட்டிருக்கிறேன். மகன்தான் எடுக்கிறான். அம்மா தூங்குது மாமா, அம்மா கோயிலுக்குப் போயிருக்கு மாமா என்கிறான். கடைசியாகப் பேசியபோது அவனே வேறு ஒன்றைச் சொன்னான். ஏதோ ஒரு தேர்தலில், எது என்று அவனுக்கு நினைவில்லை, அவன் ஓட்டுப்போடப் போனபோது, பட்டியலில் அவன் பெயருக்கு மேலே இருந்த அம்மாவின் பெயர் ஏற்கெனவே ஓட்டுப்போட்டதாகக் கோடிழுக்கப்பட்டிருந்ததாம். அக்கா அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவன் அதிகாரியிடம் எதுவும் கேட்கவில்லை. "இன்னாத்துக்கு மாமா வம்பு, ஷிஃப்டுக்கு டைம் ஆயிடுச்சி" என்றான்.

1996 முதல் 2021 வரை அந்தச் சாவடியில் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்குப்பதிவு நடந்த நாட்களை நோட்டில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். எதிலும் அக்கா ஓட்டுப்போடவில்லை. அவற்றில் எத்தனையில் ஆரோக்கியமேரி என்ற பெயரில் ஓட்டு விழுந்திருக்கிறது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.